எரிந்ததும் எரித்ததும்

நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று நம்மவர் கேட்பதுண்டு. சொல் சுடாது என்பது அதன் கருத்து. ஆயினும், தீயையும் தீயணைப்பையும் பற்றி நாள்தோறும் வழங்கும் சொற்கள் வந்த வழியை ஆராய்ந்தால், அவற்றினுள் ஒரு நகரத்தின் சரித்திரம் நீறு பூத்த நெருப்பாய் மறைந்து கிடப்பது புலனாகும். கொழும்பு மாநகர் இதற்குத் தக்க சான்றாகும்.

கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் பிற்பகுதியை நோக்குக. காட்டை வெட்டி, தீயிட்டு, அச்சாம்பலையே எருவாகக் கொண்டு பயிர் விளைக்கும் நிலத்துக்குச் சேனை என்று பெயர். சிங்கள மக்கள் அதனை 'ஹேன' என்பர். ஆங்கிலேயரும் 'சேனா' என்றே எழுதிவைத்தனர். இன்று பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கல் மண்டபமும் புனித லூசியாள் பேராலயமும் விளங்கும் அப்பகுதியின் பெயரில், உழவன் மூட்டிய பழைய தீயின் சுவடு இருக்கிறது. அஃது ஆக்குவதற்காக இட்ட தீ.

வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்பெரியும் இடத்துக்குப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'குசினி' என்னும் பெயர் ஈழத் தமிழரிடையே நிலைத்திருக்கக் காண்கிறோம். சொற்கள் ஒரு வழியாக வந்தன என்று மட்டும் எண்ணலாகாது. நம்முடைய 'சுருட்டு' ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. 'கயிறு' 'கொயர்' ஆயிற்று. 'கொப்பரை' 'கொப்ரா' ஆயிற்று. நம் 'கிடங்கு' மலாய் மொழியோடு உறவுபூண்டு, ஆங்கிலேயர் வாயில் 'கொடவுண்' என ஒலித்தது என்பர் மொழி நூலார். ஈரம் உலராத கொப்பரை, குவியலாகக் கிடக்குமிடத்துத் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கொப்பரை நிறைந்த கிடங்கு, அருகே கயிற்று மூட்டைகள், அணையாமல் எறிந்த ஒரு சுருட்டு: துறைமுக நகரில் தீயணைப்போர் அஞ்சுவதற்கு இவை போதும். ஆங்கிலத்தில் இவற்றைச் சொன்னாலும் நம் சொற்களின் சாயலையே கேட்கிறோம்.

இனித் தீயை அணைக்கும் கருவிகளைக் காண்போம். நீர் பாய்ச்சும் 'ஹோஸ்' என்னும் நெகிழ்குழாயின் பெயர், ஆங்கிலத்தில் முதலில் காலுறையைக் குறித்தது. கால் நுழைவதுபோல் நீர் நுழைவதால் அப்பெயர் பெற்றது. தோலால் தைத்த அத்தகைய குழாயை அம்ஸ்ரர்டாம் நகரில் 1672 ஆம் ஆண்டளவில் பயனுக்குக் கொண்டுவந்தவர், ஓவியரான யான் வான் டெர் ஹைடன் என்பவர். அக்காலத்தில் கொழும்பும் ஒல்லாந்தர் ஆட்சியிலேயே இருந்தது.

'பிரிகேட்' என்பது இத்தாலிய மொழியில் ஒரு கூட்டத்தைக் குறித்துப் பின்னர் படைப்பிரிவைக் குறித்த சொல். இலண்டனில் தீயணைப்புத் தாபனத்தை 1833 முதல் நடத்திய ஜேம்ஸ் பிரெய்ட்வுட், 1861 ஆம் ஆண்டு தூலி வீதிப் பெருந்தீயில் சுவர் இடிந்து வீழ்ந்து உயிர் துறந்தார். அதன் பின்னரே, 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நகருக்குப் பொதுப்பணத்தால் நடைபெறும் தீயணைப்புப் படை கிடைத்தது. கொழும்பு மாநகர சபைக்கு வித்திட்ட கட்டளைச் சட்டமும் அதே 1865 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. நகரின் தீயணைப்புப் படை இன்றும் அச்சபையின் பொறுப்பிலேயே இயங்குகின்றது.

அப்படைக்கு நாம் இட்ட பெயரின் நயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் அணைத்தல் என்பது அவித்தலையும் குறிக்கும். குழந்தையைத் தழுவுதலையும் குறிக்கும். சிங்களத்தில் தீயை அவித்தலைக் குறிக்கும் 'நிவன' என்னும் சொல்லோ, நிர்வாணம் என்னும் பௌத்தப் பெருஞ்சொல்லின் உறவினது. ஆசையென்னும் தீ அவிந்த நிலையே நிர்வாணம். இரு மொழிகளும் இவ்வளவு கனிவாகப் பேசும் நகரில், 1983 ஆம் ஆண்டு நிகழ்ந்தது என்ன?

அதனைக் கூறுமுன் இன்னுமொரு சொல்லை நோக்க வேண்டும். 'கர்பியூ' என்பது, 'தீயை மூடு' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுத் தொடரின் சிதைவு. மரவீடுகள் நெருங்கிய ஐரோப்பிய நகரங்களில், இரவு மணி ஒலித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட்டு உறங்கவேண்டும் என்பது விதி. அயலவன் வீடு எரியாதிருக்கப் பிறந்த விதி அது. தமிழில் நாம் அதனை ஊரடங்குச் சட்டம் என்கிறோம்.

1983 ஜூலை 23 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையில் மூண்ட வன்செயல், 25 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட நகரெங்கும் பரவியது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேர்ந்து தீயிட்டனர். காலி வீதியில் கடைகள் வரிசையாகச் சாம்பராயின. ஊரடங்குச் சட்டம் வந்தது. ஆனால், அது வருமுன்பே தீ வந்துவிட்டது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலிய இடங்களில் அகதிகள் நிறைந்தனர்; பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். தம் வீட்டுக்குள் தமிழரை மறைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். அடுத்த வீட்டை எரியவிடாத பழைய விதியை அன்று காத்தவர்கள் அவர்களே.

தீ வைத்தலுக்கு ஆங்கிலத்தில் 'ஆர்சன்' என்று தனிச்சொல் உண்டு. ஆனால், இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அதனைத் தீயினால் செய்யும் 'மிஸ்சிப்' என்கிறது. சட்டத்தில் அது கேடு விளைத்தலைக் குறிக்கும். பேச்சு வழக்கிலோ பிள்ளைகளின் குறும்பையும் குறிக்கும். அச்சட்டம் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்தபோதே கொழும்பு எரிந்தது.

எரிந்தது என்றா சொல்லவேண்டும்? ஆங்கிலத்தில் வீடு எரிந்ததற்கும் வீட்டை எரித்ததற்கும் வினைச்சொல் ஒன்றே. தமிழ் அவ்வாறு விடுவதில்லை. எரிந்தது தன்வினை, எரித்தது பிறவினை. இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. விளக்குச் சரிந்தும் வீடு எரியலாம். எரித்தது என்றாலோ, எரித்தவன் யார் என்னும் கேள்வி உடனே எழும். சேனையில் இட்ட தீக்கும் வெள்ளவத்தையில் இட்ட தீக்கும் வேற்றுமை தெரிந்தோர், அந்த ஓர் எழுத்தைச் சரித்திரம் எழுதும்போது தவறவிடுதல் ஆகாது. தீயை நீர் அணைக்கும். எரித்ததை எரிந்தது என்று எழுதிவைத்தால், உண்மையும் அதனோடு அணைந்துபோகும்.