இதயமுடுக்கி

பேஸ்மேக்கர் என்று எல்லோரும் சொல்லும் கருவியின் தமிழ்ப் பெயர் இது. முடுக்கம் என்றால் வேகம் கூடுவது என்று இயற்பியல் பாடத்தில் படித்தவர்கள், இதயத்தைப் படபடவென ஓடவிடும் கருவியோ என்று அஞ்சக்கூடும். அந்த அச்சம் வேண்டாம். ‘வேலையை முடுக்கிவிடு’ என்கிறோமே, தொய்ந்து கிடப்பதைத் தூண்டிச் செயல்பட வைக்கும் அந்தப் பொருள்தான் இங்கே. துடிப்புக்கு நிமிடத்துக்கு 60 என்று கீழ்வரம்பு வைத்திருந்தால், அதற்குக் கீழே இறங்கும்போது, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த சிறு பெட்டி, சிரை வழியே இதயத்துக்குள் செல்லும் கம்பி மூலம் தசையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டுகிறது. இதயம் துடிக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பெயருக்கு எதிரான இன்னொரு மறுப்பு வலுவானது. 1958-இல் ஸ்டாக்ஹோமில் ரூனே எல்ம்குவிஸ்ட் வடிவமைத்து, ஓகே சென்னிங் நோயாளியின் உடலுக்குள் பொருத்திய முதல் கருவி, இதயம் என்ன செய்கிறது என்று பாராமல் ஒரே சீராகத் தூண்டியது. இன்றைய கருவியோ பெரும்பாலும் கவனித்தபடி இருக்கிறது. இதயம் தானே துடித்தால் ஒதுங்கிக்கொள்கிறது. இந்தக் காவல் பெயரில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கவனிப்பதே, தேவைப்பட்டால் முடுக்கத்தானே! ஆகவே பெயர் நிற்கிறது. தாறுமாறான அதிவேகத் துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்கும் கருவிக்கும் இதே பெயரைச் சூட்டுவதைத்தான் ஏற்க முடியாது. அந்தக் கருவியின் அதிர்ச்சி பட்டவர் உடனே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் பொதுப் பெயர் வைத்தால் வீட்டார் குழம்பிப்போவார்கள்.