மேட்டூர் மார்கழி

மேட்டூர் அணையைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்லையும் சிமெண்டையும் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் தஞ்சாவூர் நெல்லைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் முக்கியமான விஷயங்கள்தான். ஆனால் 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அந்தக் கட்டடம் மீன்களின் சரித்திரத்தையும் தலைகீழாகப் புரட்டிவிட்டது என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. மீன்களுக்கு வாயிருந்தும் பேச்சில்லை.

முதலில் உல்லத்தைச் சொல்லவேண்டும். வங்காளிகள் உயிரை விடும் அந்த ஹில்ஸா மீன்தான் நம் உல்லம். கடலில் வாழ்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் எதிர்நீச்சலிட்டு மேலே ஏறி முட்டையிடும் ஜாதி. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் அதற்கு ஏற்கெனவே தடைதான். பெருவெள்ளம் வந்தால் எப்படியோ தாண்டிக்கொண்டு போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானி மீன் இலாகாவினர் கீழணைப் பக்கத்தில் உல்லத்துக்குச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சிகூடச் செய்தார்கள். மேட்டூர் அணை வந்தபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. வழி அடைபட்டது ஒரு பக்கம். மீனை அழைக்கும் புதுவெள்ளமே மதகுக்குள் அடங்கிவிட்டது மறுபக்கம். அழைப்பில்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? அணைக்குப் பிறகு காவேரியில் உல்லம் அருகிப் போயிற்று.

அதன் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டார். கோதாவரிக்காரரான கட்லா. 1920-களிலேயே அதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவேரியில் விட்டிருந்தார்கள். அணை நிரம்பி ஏரியானதும், பெரிய தலையும் பெரிய வாயும் கொண்ட அந்த ஆந்திர விருந்தாளி நிரந்தரக் குடியாகிவிட்டது. கெண்டை வகைகளும் வாளையும் கெளுத்தியும் உள்ளூர்க்காரர்கள், அவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஏரியில் மீன் பிடிப்பதென்றால் பரிசலும் வலையும்தான். ஆடிக் காற்றில் பரிசல் பம்பரமாகச் சுற்றும். மார்கழியில் அந்தப் பயமில்லை. தண்ணீர் கண்ணாடி விரித்தாற்போல் கிடக்கும். ஆனால் அமைதியான தண்ணீர் என்றால் சுலபமான தண்ணீர் என்று அர்த்தமில்லை. வெள்ளத்தின் கலங்கல் அடங்கித் தெளிந்துவிடுவதால் மீனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. வலையைப் பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஆகவே இருட்டியபின் வலை போட்டு விடியுமுன் எடுக்கவேண்டும். அமாவாசையை ஒட்டிய இரவுகள் உத்தமம். பௌர்ணமி இரவில் பரிசலில் போகிறவன் கவிதை எழுதலாம், மீன் பிடிக்கமுடியாது.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகி இரையும் குறைவாகவே எடுக்கிறது. தூண்டில்காரர்கள் அதனால்தான் விடியற்காலையில் பனியில் நடுங்குவதை விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் ஆழமில்லாத விரிகுடா ஓரங்களில் உட்காருகிறார்கள். அங்கே தண்ணீர் முதலில் சூடாகும். கெண்டைக்குக் கேழ்வரகுக் களி உருண்டை, கெளுத்திக்கு மண்புழு. இரையைச் சிறிதாக வைக்கவேண்டும். பசியில்லாதவனுக்கு யாராவது தலைவாழை இலை போடுவார்களா?

வலையில் இரண்டு ஜாதி. ரங்கூன் வலை என்பது சுவர்போல நிற்பது. மேலே மிதப்பு, கீழே கனம். (பெயரில்தான் ரங்கூன், உழைப்பெல்லாம் காவேரியில்.) உடுவலைக்கு அடிக்கயிறு கிடையாது; கொடியில் உலர்த்திய துணிபோல் தண்ணீரில் தளரத் தொங்கும். பருத்தி நூல் காலத்தில் வலையைத் தினந்தோறும் காயவைப்பதே பாதி வேலை. நைலான் வந்து அந்தப் பாதியை மிச்சப்படுத்தியது.

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு: அடியில் என்ன இருக்கிறது என்ற ஞானம். வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும் பாசன மதகை ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். டெல்டாவுக்கு விட்டு விட்டு மார்கழியில் கரை நாளுக்கு நாள் பின்வாங்கும். நேற்று வலை போட்ட ஆழம் இன்று இல்லை. அப்போதுதான் மூழ்கிய ஊர்களின் சுவர்களும் மரக் கட்டைகளும் வலையைப் பிடித்து இழுக்கின்றன. 120 அடிக்கு நிறைந்தால் ஒன்றும் தெரியாது. நன்றாக வற்றிய வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் மாதா கோவில் கோபுரமும் தலை தூக்கும். பார்க்கக் கூட்டம் போகும், பத்திரிகைகளில் படம் வரும். வலைக்காரர்களுக்கு அவை படமல்ல, அடையாளக் கல்.

அந்தப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவருடன் ஒரு மார்கழி மாலையில் பரிசலில் போனேன். அவருடைய பாட்டனார் கேழ்வரகும் சோளமும் விதைத்தவர். 1934-க்குப் பிறகு பேரனுக்கு மிஞ்சியது அதே நிலத்தின் மேல் நிற்கும் தண்ணீர். எதிர்க்கரைக் குன்றையும் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பார்த்துத் துடுப்பை நிறுத்தினார்.

"இங்கதான் சார் எங்க பாட்டன் வீடு. அந்தாண்டை களத்துமேடு. நான் பாத்ததில்லீங்க, எங்க அப்பாரு காட்டுவாரு."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு மேலேயே வலை போடுவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"கல்லுச் சந்துல கெளுத்திதான் சார் இருக்கும்," என்றார், துடுப்பை மறுபடி எடுத்தபடி. "கெண்டை வேணும்னா வயலுக்குத்தான் போகணும்."