சட்டாம்பிள்ளையும் அவன் தகுதியும்

உபாத்தியாயர் ஒருவராயும் மாணாக்கர் பலராயும் உள்ளவிடத்து, அவ்வுபாத்தியாயர்க்குக் கைத்துணையாவான் ஒருவன் வேண்டப்படுதல் இயல்பு. அத்துணைவனை நம் முன்னோர் சட்டாம்பிள்ளை என வழங்கினர். அவனுக்குரிய தகுதி யாது? அதனை அளந்தறிவார் யாவர்? அத்தகுதியால் அவன் எய்தும் பயன் என்ன? இம்மூன்றனையும் வரலாற்று நெறியில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் சங்கத்து இளைஞர் பலர் பள்ளித்தொழிலை நாடி நிற்றலின், இவ்வாராய்ச்சி வீண்போகாதென்பது எம் துணிபு.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சையும் இல்லை, நற்சான்றிதழும் இல்லை. தான் கற்ற பாடத்தைத் தன்னினும் இளையார்க்குப் பிழையறச் சொல்லவல்லனாதலே அவன் தகுதி; உபாத்தியாயரின் கண்ணே அதற்கு அளவுகோல். சென்னை மாகாண கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1826-ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. ஏறக்குறைய ஆயிரம் மக்கட்கு ஒன்று. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் விடுத்த அறிக்கை, பள்ளி பெரும்பாலும் நான்கு வகுப்புக்களாகப் பகுக்கப்பட்டிருந்தமையையும், கீழ்வகுப்பினர் முதிர்ந்த மாணாக்கர் பொறுப்பில் விடப்பட்டமையையும் கூறுகின்றது. பிறர்க்குக் கற்பிப்பவன் தன் கல்வியையும் உறுதிப்படுத்திக்கொள்கின்றான் என்று அவர் இம்முறையைப் பாராட்டினார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியதும் தக்கதே என்றார்.

இங்கிலாந்து பின்பற்றியவாறு யாங்ஙனம் எனின், கூறுதும். ஸ்காட்லாந்து தேயத்து ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் இந்தியாவிற்கு வந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பெற்ற ஆண்பிள்ளைகள் அநாதைச் சாலைக்கு அவர் மேற்பார்வையாளரானார். ஒருநாள் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுத்துப் பழகுதலைக் கண்ட அவர், தம் சாலையிலும் அங்ஙனமே செய்யுமாறு துணையாசிரியரை ஏவினார். அவர்களோ இஃது ஆகாதென மறுத்தனர். பெல் தளர்ந்தாரல்லர். எட்டு வயதினனும் போர்வீரன் ஒருவன் மகனுமாகிய ஜான் பிரிஸ்கின் என்னும் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். வளர்ந்தோர் ஆகாதென்றதனை அச்சிறுவன் ஆக்கிக் காட்டினான். பின்னர் வகுப்புக்கள் பலவும் மாணாக்கர் கைக்கே மாறின.

பெல் தாயகம் மீண்டு 1797-இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். 1798-இல் லண்டன் மாநகரில் பள்ளி நிறுவிய ஜோசப் லங்காஸ்டரும் இதனையொத்த முறையைக் கையாண்டார். சென்னைமுறை என்னும் பெயர் கடல்கடந்து பரவிற்று. பெல் பெருமகனார் பொருளால் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளியொன்று இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நிற்க. புகழோடு குறையும் உடன்வந்தது. நம் திண்ணையில் ஒரு சட்டாம்பிள்ளையின் கீழ்ச் சிலரே இருந்தனர். உபாத்தியாயரும் அருகிருந்து கேட்டனர். மேனாட்டிலோ ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். காலையில் தான் கற்றதனைச் சிறுவன் அன்றே பிறர்க்கு ஒப்புவித்தான். அதற்கு மேல் ஒரு வினா எழுந்தால் விடையறியான். துணைவனைப் பயன்கொண்டார் பலர். துணைவனைப் பயிற்றினார் சிலரே.

இக்குறையை நீக்க முற்பட்டவர் கே ஷட்டில்வொர்த் என்பார். அவர் முயற்சியால் 1846-இல் ஆங்கில அரசியலார் 'மாணவ ஆசிரியர்' விதிகளை வகுத்தனர். பதின்மூன்று வயது நிரம்பியிருத்தல், தடையின்றி உணர்ச்சியோடு படித்தல், எளிய கதையொன்றைப் பிழையற எழுதுதல், கணக்கின் நால்வகை முறைகளையும் அறிதல், சொற்களின் வகை காட்டல், பூகோளத்தின் தொடக்க அறிவு பெற்றிருத்தல், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கீழ்வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டல் ஆகியன நுழைதகுதிகள். தேறினார் ஐந்தாண்டு பயிலல் வேண்டும்; ஆண்டுதோறும் பரீட்சை உண்டு. முதலாண்டில் 10 பவுன் ஊதியம். அது படிப்படியாய் உயர்ந்து ஐந்தாமாண்டில் 20 பவுனாகும். தலைமையாசிரியர் நாடோறும் ஒன்றரை மணி நேரம் அவர்க்குத் தனியே பாடஞ் சொல்லவும், அதற்கென அவரும் பணம் பெறவும் ஏற்பாடாயிற்று. இறுதியில் தேர்ந்தார்க்கு அரசியாரின் உதவிச்சம்பளத்தோடு பயிற்சிக் கல்லூரியிற் புகவும் வழி திறந்தது. கூலியாளர் மக்களும் ஆசிரியராதற்கு ஒரு படிவரிசை கட்டப்பட்டமை இவ்விதிகளின் தனிச்சிறப்பென்க.

ஆயினும் 1862-இல் வந்த திருத்தவிதி, மாணாக்கர் பரீட்சையில் தேறும் அளவுக்கேற்ப நன்கொடை என்றது. மாணவ ஆசிரியர்க்கு அரசு நேரே அளித்த ஊதியமும் நின்றது; அவர் தொகையும் குறைந்தது. பகலெல்லாம் கற்பித்துக் களைத்தவர் எஞ்சிய பொழுதில் கற்கவேண்டிய இடர் நெடுநாள் தீரவில்லை. 1907-இல், முன்னர்ப் படிப்பை முடித்துப் பின்னர்ப் பணியிற் புகும் வேறு முறை வகுக்கப்படவே பழைய ஏற்பாடு தேயலாயிற்று.

அண்மைக் காலத்துச் செய்திகளும் இரண்டு கூறுதும். 2002-இல் அமெரிக்காவில் கையொப்பமான சட்டம், வறிய மாணாக்கர்க்கெனக் கூட்டரசு வழங்கும் பொருளால் நடைபெறும் கற்பித்தலில் ஈடுபடும் துணைவர்க்கு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பேனும் அதற்கீடான பட்டமேனும் தேர்வொன்றில் தேர்ச்சியேனும் வேண்டுமென்றது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தொடக்க வகுப்பினர்க்குக் கற்பிக்கும் தன்னார்வலர் பன்னிரண்டாம் வகுப்பேனும் தேறியிருத்தல் வேண்டுமென்றது. நடுநிலை வகுப்பினர்க்குப் பட்டதாரிகளை நாடிற்று.

இவையெல்லாம் நுழைவாயிலின் அளவுகளே. நுழைந்தபின் நிகழ்வதன்றோ பெரிது! யாம் பணிபுரிந்த பள்ளியொன்றில் துணைப்பணிக்கு வந்த இளைஞர் ஒருவர், மூன்றாண்டு பதிவேடு சுமந்தார். சுண்ணக்கட்டி எடுத்துக் கொடுத்தார். வகுப்பெடுக்கும் முறையை அவர்க்குக் காட்டினார் ஒருவரும் இலர். அவருடன் பணியாற்றிய யாமும் காட்டினேமல்லேம். வந்த நாளில் இருந்த தகுதியோடே அவர் சென்றார். இந்நாள் நினைப்பினும் நாணுகின்றோம். ஏனெனில், நான்காம் வகுப்பில் எம்மைத் தம் அருகிருத்திப் பிறர் வாய்பாட்டைக் கேட்கச்செய்த ஆசிரியரே எமக்கு வாய்பாட்டையும் தொழிலையும் ஒருங்கே தந்தவர்.

ஆகலின், இளைஞர்காள்! துணைப்பணி கிடைப்பின் சிறிதென்று இகழாதீர். சான்றிதழ் பெற்றதோடு அமையவும் அமையாதீர். நாடோறும் ஒரு பாடமேனும் கற்பித்துப் பழகுமின். ஆசிரியர்காள்! உம்மிடம் வரும் துணைவர்க்கு நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் ஒதுக்குமின். எட்டு வயதுச் சிறுவனை நம்பி ஒரு வகுப்பை ஒப்புவித்த ஊர் நம் சென்னை. நம்மை நாடிவரும் இளைஞரை நாம் நம்பலாகாதோ?