அட்டையில் எழுதியது மாறாது

சிங்கப்பூரில் தமிழின் நிலையை அறிய விழைவோர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே. ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்ந்துவிட்டால், மொழியின் பத்தாண்டு வரலாறே பிழையாகும். புள்ளியியல் நிரலில் அப்பிழை நேரும் வகையை ஈண்டு ஆராய்வோம்.

1966இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற எஸ்.ஏ.எஸ். மென்பொருள், துளையட்டைக் காலத்தின் படைப்பு. நிரல் அட்டைகளை அடுத்துத் தரவு அட்டைகளை அடுக்குவர். தரவு தொடங்கும் இடத்தைச் சுட்டும் கட்டளைக்குக் 'கார்ட்ஸ்' என்றே பெயர். பின்னர் 'டேட்டாலைன்ஸ்' என்னும் பெயர் வந்தது. பழைய பெயரும் இன்றளவும் செல்லும்.

இம்மொழியில் மேக்ரோ மாறி என்பது ஓர் எழுத்துத்தொடருக்கு நாம் இடும் பெயர். & குறியோடு அப்பெயரை நிரலில் எழுதினால், அத்தொடர் அவ்விடத்தில் வந்து அமரும். ஆனால் டேட்டாலைன்ஸுக்குப் பின்வரும் வரிகளை மேக்ரோ செயலி தொடுவதில்லை. அங்கு & குறி வெறும் எழுத்தே.

இதன் விளைவைக் காண்போம். அட்டவணைத் தலைப்பில் ஆண்டை மேக்ரோ மாறியாக அமைத்து, விழுக்காட்டை நிரலுக்குள்ளேயே தரவு வரியாக எழுதியுள்ளோம் என்க. மாறியை 2010இலிருந்து 2020ஆக மாற்றினால் தலைப்பு மாறும், 3.3 மாறாது. நிரலும் பிழை எதனையும் சுட்டாது. தமிழ் தளராது நின்றதாக ஒரு பொய்ச்சான்று பிறக்கும்.

அவ்வாறாயின் இவ்விதி குறையுடையதோ? அன்று. லிட்டில் இந்தியாவின் தேக்காவை நோக்குவோம். அங்குள்ள அங்காடி 1980களில் 'சூஜியாவ்' எனப் பெயரிடப்பட்டது. 2000இல் 'தேக்கா' என்னும் மக்கள் வழக்கே அதன் பெயராயிற்று. இன்றைய தலைப்பில் புதுப்பெயர் வருதல் முறை. 1990ஆம் ஆண்டுக் குறிப்பொன்றினுள் அப்பெயர் தானே புகுந்தால், ஆவணம் சிதையும். பெயர் மாறலாம், பதிவு மாறலாகாது.

தரவினுள்ளும் மாறியின் பொருள் வேண்டுமாயின், வரியை எழுத்தாகவே படித்து, 'ரிசால்வ்' என்னும் சார்பினால் பின்னர் விரித்துக்கொள்ளலாம். கணக்கெடுப்பு எண்களுக்கோ அதனினும் நல்ல வழி உண்டு. ஒவ்வொரு தரவு வரியிலும் அதற்குரிய ஆண்டையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். வேண்டிய ஆண்டின் வரியைத் தெரிந்தெடுக்கும் பணியை மட்டும் மாறியிடம் விடுதல் வேண்டும். அப்போது 2020 என்று கேட்பவருக்கு 2.5 மட்டுமே கிட்டும். அவ்வரி இல்லையேல் வெற்றிடம் கிட்டும். பொய்யான எண்ணைவிட வெற்றிடம் நன்று.