குடைமிளகாயும் ஹலால் இறைச்சியும்: சீன முஸ்லிம்களின் வாணலி

நம் பிள்ளைகள் உணவகங்களில் விரும்பிக் கேட்கும் குடைமிளகாய் இறைச்சி வறுவல் சீனத்திலிருந்து வந்தது. மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்த இறைச்சியையும் குடைமிளகாயையும் நன்கு காய்ந்த வாணலியில் சில நிமிடங்களே புரட்டி எடுப்பர். சீனத்தில் இதன் பரவலான வடிவம் பன்றி இறைச்சியால் ஆனது. அம்மொழியில் அடைமொழியின்றி ‘இறைச்சி’ என்றாலே பன்றி இறைச்சிதான். ஆட்டையோ மாட்டையோ குறிக்க வேண்டுமாயின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தகைய நாட்டில் முஸ்லிம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஹலால் பேணி வாழ்ந்து வருகின்றனர்.

தாங் அரசர்கள் காலத்திலேயே அரபு, பாரசீக வணிகர்கள் கான்டன் துறைமுகத்தில் குடியேறினர். பிற்காலத்தில் ஹூய் என்றழைக்கப்பட்ட சீன முஸ்லிம்கள் தம் உணவைச் ‘சிங்ஜென்’ என்றனர். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். பள்ளிவாசலின் பெயரிலும் இதே சொல்தான் வழங்குகிறது.

அந்தத் தூய்மைக்கு ஒரு கடும் சோதனை வந்தது. மன்னர் குப்லாய்கானுக்கு வேட்டைப் பறவைகளைக் கொண்டுவந்த முஸ்லிம் வணிகர்கள், அவர் அளித்த உணவை உண்ண மறுத்தனர் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். சினமுற்ற மன்னர் 1280-ஆம் ஆண்டையொட்டி ஹலால் அறுப்பைத் தடைசெய்தார். கழுத்தை அறுப்போர்க்கு மரண தண்டனை. அவர்தம் சொத்து காட்டிக்கொடுப்பவனுக்கு. வேலையாட்களே எசமானர்கள் மீது குற்றஞ்சாட்டத் தொடங்கினர். வணிகர்கள் அந்நாட்டை நாடாது விலகினர். சுங்க வருவாய் வீழ்ந்தது. ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின்னரே தடை நீங்கியது. அதுவும் இரக்கத்தினால் அன்று, கருவூலத்தின் கவலையினால் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

குப்லாய்கான் காலத்தில் சீனத்தில் மிளகாயே கிடையாது. கொலம்பஸின் பயணத்திற்குப் பின் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. 1591-இல் காவ் லியன் எழுதிய நூலில் அதற்கு ‘அயல்நாட்டு மிளகு’ என்னும் பொருளில் பெயர் காணப்படுகிறது. நாமும் புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரைத்தானே ஈந்தோம்! காரமற்ற குடைமிளகாயும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

அக்காய் வந்து சேர்ந்தபோது ஹூய் சமையற்காரர்களிடம் வழிமுறை ஆயத்தமாக இருந்தது. பன்றி இறைச்சிக்கு மாற்றாக மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி. பன்றிக் கொழுப்புக்கு மாற்றாகத் தாவர எண்ணெய். சீனச் சமையலில் இறைச்சியின் வாடை போக்க வழக்கமாகச் சேர்க்கும் அரிசி மதுவை விலக்கி, இஞ்சியையும் பூண்டையும் கொண்டு சமைக்கலாயினர். (இல்லத்தில் இதைச் சமைக்கும் சகோதரிகள் இவ்விடத்தில் கவனம் கொள்க: அச்சில் வரும் செய்முறைகள் பலவற்றில் அந்த மது ‘சமையல் திராட்சை ரசம்’ போன்ற பெயர்களில் ஒளிந்திருக்கும்.) மாட்டிறைச்சியை நார்களுக்குக் குறுக்காக அரிந்து, சோயா சாற்றிலும் சிறிது சோளமாவிலும் பிசறி வைத்தால் கடுந்தீயிலும் அது மிருதுவாகவே இருக்கும்.

லான்ஜோ ஊரின் பெயரைத் தாங்கிச் சீன நகரங்கள் எங்கும் முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகளில், சோற்றின் மேல் பரப்பிய பச்சை மிளகாய் மாட்டிறைச்சி இன்றும் அன்றாட உணவு. 2019-இல் பெய்ஜிங் நகர முஸ்லிம் உணவகங்களின் பெயர்ப்பலகைகளிலிருந்து ‘ஹலால்’ என்னும் அரபு எழுத்துகளை அகற்றுமாறு அதிகாரிகள் பணித்தனர். சிலர் அவ்வெழுத்துகளின் மீது ஒட்டுநாடாவை ஒட்டினர். வேறு பலர் பலகையையே மாற்றி, சீன எழுத்தில் ‘சிங்ஜென்’ என எழுதி வைத்தனர்.