டீப் பர்ப்பிளும் பண்ணைப்புரமும்

'ஆளுக்கொரு கட்டுரை' என்று சங்கத்தில் கேட்டபோது, "இவன் கிட்டார் கதையை எழுதட்டும்" என்று என் வகுப்புக்காரர்கள் மாட்டிவிட்டார்கள். கதை என்றாலும் இதில் கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது.

2007-ம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு. விடுதி மாடியில் ஒரு சீனியர் அண்ணன் பழைய கிட்டார் ஒன்று வைத்திருந்தார். "டேய் தம்பி, இதை வாசிச்சாத்தான் நீ கிட்டாரிஸ்ட்" என்று அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. அதன் ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரக்கோவை, உலகம் முழுக்க கிட்டார் பழகுகிறவர்களுக்கு அரிச்சுவடி மாதிரி.

வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃபிரெட். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து விரலால் கிள்ள வேண்டும். முதலில் வெறும் கம்பி, பிறகு மூன்றாவது ஃபிரெட், அப்புறம் ஐந்தாவது. அடுத்த சுற்றில் ஆறாவதைத் தொட்டுவிட்டு ஐந்துக்கு இறங்க வேண்டும். மொத்தமே நாலு சுரம்தான். நம் கணக்கில் சட்ஜமம், சாதாரண காந்தாரம், அதோடு இரண்டு மத்தியமங்களும். கேட்க சுலபம். எனக்கு விரல் நுனி கொப்பளித்து, மூன்று வாரம் ஆனது!

பாட்டின் பின்னணியையும் அந்த அண்ணன்தான் சொன்னார். 1971 டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மோன்ட்ரோ நகரம். அங்கிருந்த கேசினோவில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவன் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்து போனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர் ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். அதுவே பாட்டானது. 1972-ல் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் வெளிவந்தது. ரிஃப் ரிச்சி பிளாக்மோருடையது.

செமஸ்டர் லீவில் கிட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெருமையாக வாசித்தேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாருக்குப்பா. அந்த மூடுபனி பாட்டு வாசி" என்றார்.

'என் இனிய பொன் நிலாவே'. கிட்டாரே தொடங்கி வைக்கும் பாட்டு. எனக்குத் தெரியவில்லை. "இது வேற ஸ்டைலுப்பா" என்று சமாளித்தேன். அப்பா சிரித்தார். "கிட்டாரு நம்ம பக்கத்து ஆளு கையில வந்ததுடா" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மோன்ட்ரோ தெரிந்த எனக்குப் பண்ணைப்புரம் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

கிட்டார் நம் நாட்டுக்கு வந்த வழிகளில் ஒன்று பெருநகர வழி. 1970, 1971 ஆண்டுகளில் நடந்த 'சிம்லா பீட்' போட்டிகளில் சென்னை உட்படப் பல நகரங்களின் ராக் குழுக்கள் கலந்துகொண்டன. அந்தப் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. அந்த வழி மதுரைச் சீமையின் கிராமங்களைத் தொடவில்லை.

நம் வழி வேறு. தேவாரம் பக்கத்துப் பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம்தான். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய பாவலர் வரதராஜன், தம்பிகளோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். அவருடைய தம்பி இளையராஜாவின் கையில் அன்றைக்கு ஆர்மோனியம். 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்விலும் தேறினார். ஜி.கே.வெங்கடேஷ், சலில் சௌத்ரி ஆகியோரின் குழுக்களில் கிட்டார் வாசித்தார். 1976-ல் 'அன்னக்கிளி', 1980-ல் 'மூடுபனி', 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை'. இந்தக் கடைசிப் படத்து 'இளைய நிலா'வில் கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர்.

ரேடியோவிலும் டீக்கடை கேசட்டிலும் கேட்டுக் கேட்டு, கார்ட்ஸ் என்ற வார்த்தையே தெரியாத எங்கள் அப்பாவின் காதுக்கு கிட்டார் பழகிவிட்டது. நான் அவருக்குப் புதுசாக ஒன்றைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

தம்பி தங்கைகளே, டீப் பர்ப்பிளைத் தாராளமாகப் பழகுங்கள். அந்த நாலு சுரம் கொடுக்கும் தைரியம் பெரியது. அதோடு லீவில் வீட்டுக்குப் போகும்போது, அங்கே இருப்பவர்கள் எந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்பதையும் ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

'இளைய நிலா'வின் தொடக்கம் எனக்கு இன்னும் பாதியில் தடுக்குகிறது. ஊருக்குப் போனால் வாசிக்கச் சொல்லி, விட்ட இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறார் அப்பா.