டோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், ஊதியத்தைக் கருதாது, பிறர் வாழ்வு உயர வேண்டுமென்ற ஒரே நோக்குடன் தாய்மண்ணை விட்டு அகன்றவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக்கும் டில்லிக்கும் இடையே பயணம் செய்யும் நம்மவர், விஜயவாடாவுக்கும் காஜிப்பேட்டைக்கும் நடுவேயுள்ள டோர்ணக்கல் சந்திப்பைக் கடந்திருப்பர். பத்ராசலம் சாலைக்குக் கிளைப்பாதை பிரியும் நிலையம் என்ற அளவிலேயே பலர் அதனை அறிவர். அவ்வூரில்தான் இத்தமிழ்ப் பெரியார் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, அங்கேயே அடக்கமும் பெற்றார்.

அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கிராமக் குருவானவர். அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வுக் காலத்தில் நோயுற்றமையால் பட்டம் பெற்றாரில்லை. பட்டமில்லாத அவருக்கே 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று.

1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகி, தென்னாடெங்கும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே ஊழியரை வெளியே அனுப்புவதைக் கண்டார். அந்நியர் பணத்தை எதிர்பார்த்து நிற்கும் நம் நிலை அவர் நெஞ்சை உறுத்தியது. அடுத்த ஆண்டிலேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆளும் பொருளும் நிருவாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் வங்காளத்துச் சிராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானதிலும் அவர் முன்னின்றார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரிலிருத்தல் அவருக்கு ஒப்பவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கலுக்குத் தாமே சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அவ்வயதில் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்றார். மாலர், மாதிகர் எனப்பட்ட ஏழைக் குடியானவர்களிடையே அவர்கள் மொழியிலேயே பேசி வாழ்ந்தார்.

1910-இல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மேனாட்டார் நிரம்பிய அவ்வவையில், வெள்ளை ஊழியர் இந்திய ஊழியரை ஏவலாளராக நடத்தாது நண்பராக ஏற்றல் வேண்டும் என்று அசரியா எடுத்துரைத்தார். அவையோர் பலர் முகம் சுளித்தனர். ஆயினும் அம்மாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற உரைகளுள் இன்றளவும் நினைக்கப்படுவது அதுவே.

சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரை அத்தியட்சராக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. ஓர் இந்தியரின் கீழ்ப் பணிபுரிய ஐரோப்பியர் சிலர் இசையவில்லை. நம்மவரிடையேயும் முணுமுணுப்பு இருந்தது. இவற்றைக் கடந்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் டோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய மனைவியார் அன்பு மாரியம்மாள் கல்லூரிக் கல்வி பெற்றவர். கணவரின் பணியில் தோளோடு தோள் நின்றார். கிராமந்தோறும் பள்ளிகள் எழுந்தன. மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் தோன்றின. 1935 அளவில் இந்தியக் குருமார் ஏறத்தாழ 250 பேரும், கிராம ஆசிரியர் இரண்டாயிரவருக்கு மேலும் அவர்தம் மேற்பார்வையில் பணிபுரிந்தனர். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற டோர்ணக்கல் பேராலயம் அவர் மனப்பாங்கை நன்கு காட்டும். தென்னாட்டுக் கோயில் தூண்களின் சாயலும் மசூதியின் குவிமாடச் சாயலும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. இறைவழிபாட்டுக்கு இந்நாட்டுக் கலையே போதும் என்பது அவர் துணிபு.

மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930-களில் கருத்து வேற்றுமை வலுத்தது. தாழ்த்தப்பட்டோரின் அறியாமையைப் பயன்படுத்தலாகாது என்பது காந்தியடிகளின் கவலை. ஏழைக்கும் தன் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் வாதம். எனினும், கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாவென மறுத்ததில் அவர் தேசியத் தலைவர்களுடன் ஒத்து நின்றார். தம் மக்கள் நாட்டினின்று பிரிந்து நிற்பதை அவர் விரும்பவில்லை.

பிரிந்துகிடந்த சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சிக்கும் அவர் முதற்காரணர். அதன் பயனாகிய தென்னிந்தியத் திருச்சபை 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் மலர்ந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1945-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று மறைந்துவிட்டார்.

அவர்தம் சமயக் கொள்கையை ஏற்பதும் ஏலாததும் அவரவர் விருப்பம். நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. அவர் தமிழராய்ப் பிறந்தார். தெலுங்கர் அவரைத் தம்மவராகவே கருதினர். சென்ற நாட்டின் மொழியைக் கற்றதனால் அவர்தம் தமிழ் குன்றிவிடவில்லை. பல்லாண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தும், அயலாருடன் கடையிற் பேசும் அளவுக்கு மட்டுமே அவர் மொழியை அறிந்து நிற்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கத்தில் தமிழை வளர்ப்போம். சங்கத்திற்கு வெளியே, நமக்கு வாழ்வளித்த மக்களின் மொழியையும் உள்ளன்போடு கற்போம்.